குழந்தைக்குத் துணியே துணை

முன்னுரை

ஒரு வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்பதை முன்பெல்லாம் தெருவில் போகிறவர்கள் கொடிக்கயிற்றைப் பார்த்தே அறிந்துகொள்வார்கள். பழைய வேட்டியைக் கிழித்துச் செய்த சிறுசிறு வெள்ளைத் துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். இன்று அதே செய்தியைக் குப்பைத் தொட்டி சொல்லுகிறது. உருட்டிக் கட்டிய வெள்ளைப் பொட்டலங்கள் நாள்தோறும் நான்கைந்து அதில் விழுகின்றன. மீஞ்சூர் கடைத்தெருவில் மருந்துக் கடை, மளிகைக் கடை, பெட்டிக்கடை எங்கும் டயபர் சரம்சரமாகத் தொங்குகிறது.

இந்த மாற்றம் நல்லதா, தீயதா? டயபர் என்பது எதனால் ஆனது? பயன்படுத்திய பின் அது எங்கே போகிறது? தண்ணீருக்குத் திண்டாடும் நம் பகுதியில் துணியைத் துவைத்துக் கட்டுவது இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம்முள் பலருக்கு அக்காள் வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ கைக்குழந்தை உண்டு. இன்னும் சில ஆண்டுகளில் நாமே பெற்றோராக இருப்போம். ஆதலின் இது மாணவர்களாகிய நமக்குப் புறம்பான பொருளன்று.

டயபர் வந்த வரலாறு

குழந்தையின் இடையில் துணி கட்டும் வழக்கம் உலகெங்கும் உண்டு. தமிழில் அதற்கு அணையாடை என்ற அழகிய சொல் இருக்கிறது. பேச்சு வழக்கில் லங்கோட்டு, நாப்கின் என்கிறோம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்னும் தாய், குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்து, ஈரம் கசியாத மேலுறை ஒன்றைச் செய்தார். உள்ளே துணி, வெளியே உறை என்பது அதன் அமைப்பு. 1951ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1961ஆம் ஆண்டில் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம், ஒருமுறை கட்டி எறிந்துவிடும் டயபரைப் பாம்பர்ஸ் என்ற பெயரில் பியோரியா என்னும் அமெரிக்க நகரில் சோதனையாக விற்றது. 1980களில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் வேதிப்பொருள் அதனுள் சேர்க்கப்பட்டது. டயபர் மெலிந்தது, விற்பனை பெருகியது. நம் நாட்டில் பெருநகரங்களின் பெரிய கடைகளில் முதலில் தலைகாட்டிய அப்பொருள், பின்னர் ஒன்றிரண்டாகப் பிரித்து விற்கும் சிறு பொட்டலங்களாகச் சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்தது.

டயபரின் உள்ளே

டயபர் பார்வைக்குப் பஞ்சு போலத் தோன்றும். அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக்கே. குழந்தையின் தோலைத் தொடும் மெல்லிய விரிப்பு பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழையால் ஆனது. வெளிப்புறத் தாள் பாலிதீன். நடுவில் இருப்பது மரக்கூழும், சோடியம் பாலி அக்ரிலேட் என்னும் பொடியும்.

இப்பொடி வியப்புக்குரியது. தூய நீரில் இட்டால் தன் எடையைப் போல் சில நூறு மடங்கு நீரை உறிஞ்சிக்கொண்டு கூழாக உப்பிவிடும். சிறுநீர் போன்ற உப்பு நீராயின் அந்த ஆற்றல் சில பத்து மடங்காகக் குறைந்துவிடும். வேதியியல் வகுப்பில் படித்த சவ்வூடு பரவலே இங்குத் தொழிற்படுகிறது. உறிஞ்சிய நீரை அது எளிதில் வெளிவிடாது. அதனால் குழந்தையின் தோல் உலர்ந்திருக்கிறது. டயபரின் நன்மை இது, இதை மறுப்பதற்கில்லை. இரவில் குழந்தையும் தாயும் தொடர்ந்து உறங்க இது உதவுகிறது.

ஆனால் அந்த உலர்ச்சியே ஒரு தீமைக்கும் இடமளிக்கிறது. ஈரம் தெரியாததால் பெற்றோர் மாற்ற மறந்துவிடுகின்றனர். மலத்திலுள்ள நொதிகளும், சிறுநீரிலிருந்து உண்டாகும் அம்மோனியாவும், உராய்வும் சேர்ந்து தோலைச் சிவக்கச் செய்கின்றன. நம் ஊரின் புழுக்கத்தில் அது விரைவில் புண்ணாகும். துணி கட்டினால் புண் வராது என்று சொல்லிவிட முடியாது. நனைந்த துணியை மாற்றாவிட்டால் அதிலும் வரும். எதைக் கட்டினாலும் காலத்தில் மாற்றுவதும், பகலில் சற்று நேரம் ஒன்றும் கட்டாமல் காற்றாட விடுவதுமே மருந்து.

எறிந்தபின் எங்கே போகிறது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நாளொன்றுக்கு 5 டயபர் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு 3,650 டயபர். நனைந்த ஒன்றின் எடை 150 கிராம் என வைத்துக்கொண்டால் மொத்தம் 547 கிலோ. ஏறத்தாழ அரை டன் குப்பை! பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள ஒரு சிறு குழந்தையின் பெயரால் இவ்வளவும் சேருகிறது.

இக்குப்பையை மண்ணில் புதைத்தால் மரக்கூழ் மட்கும், பிளாஸ்டிக் மட்காது. பாலிதீன் கண்டுபிடிக்கப்பட்டதே 1933ஆம் ஆண்டில்தான். அது மண்ணில் முழுதும் மட்கி முடிந்ததைக் கண்டவர் எவருமிலர். தெருமுனையில் கொளுத்தினால் ஈரத்தால் சரியாக எரியாமல் கரும்புகையைக் கக்கும். கால்வாயில் வீசினால் நீரை உறிஞ்சி உப்பி அடைத்துக்கொள்ளும். பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆறும் எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கிச் செல்லும் நம் பகுதியில் வீசி எறிந்தவை இறுதியில் சேருமிடம் மீனும் இறாலும் வாழும் நீரே ஆகும்.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயபரைச் சுகாதாரக் கழிவு என வகைப்படுத்தின. அதைப் பாதுகாப்பாகச் சுற்றி, மக்காத குப்பையுடன் தரவேண்டும் என்றும், சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளரே தரவேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. ஆயினும் மட்கும் குப்பையோடு கலந்தே பல வீடுகளிலிருந்து டயபர் வெளியே வருகிறது.

அவ்வாறு கலந்து வந்ததைப் பிரிப்பவர் யார்? தூய்மைப் பணியாளர். மனித மலத்தை மனிதர் கையால் அள்ளும் கொடுமையை ஒழிக்க 1993ஆம் ஆண்டிலும் 2013ஆம் ஆண்டிலும் நாடாளுமன்றம் சட்டங்கள் இயற்றியது. அச்சட்டங்களின் நோக்கத்தை உணர்ந்தவர்கள், டயபரில் சுருட்டிய மலத்தைக் குப்பையில் போட மனம் துணிய மாட்டார்கள். நம் சொந்தக் குழந்தையின் மலத்தைத் தொட நாம் கூசுகிறோம். முன்பின் அறியாத ஒருவர் நூறு வீட்டுக் குழந்தைகளின் மலத்தை, அதுவும் நாள்பட்டு நாறியதைத் தொடவேண்டியிருக்கிறது. டயபரால் வேலை ஒழிந்துவிட்டது என எண்ணுகிறோம். வேலை ஒழியவில்லை, கைமாறியிருக்கிறது.

வண்ணாரப்பேட்டை தரும் பாடம்

இக்கைமாற்றம் வட சென்னைக்குப் புதியதன்று. கிழக்கிந்தியக் கும்பினி சென்னையில் கோட்டை கட்டியதே துணி வாணிகத்துக்காகத்தான். தறியிலிருந்து வந்த துணியைக் கப்பலேற்றும் முன் நல்ல நீரில் அலசி, வெட்டவெளியில் விரித்து, வெயிலில் வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த இடமே இன்றைய வண்ணாரப்பேட்டை. வெயிலும் நீரும் சேர்ந்தால் துணி தூய்மையாகும் என்ற அறிவை அவர்களின் கைகள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தன.

ஆனால் நம் சமுதாயம் அக்கைகளுக்கு நன்றி பாராட்டவில்லை. பிள்ளை பெற்ற வீட்டுத் துணியைத் தீட்டுத் துணி என்று பெயரிட்டு, அதைத் துவைக்கும் கடமையைப் பிறப்பின் அடிப்படையில் ஒரு சாரார் தலையில் சுமத்தியது. பழைய அணையாடைக் காலம் பொற்காலம் என்று நாம் பாடிவிட முடியாது. அன்று சலவைத் தொழிலாளியின் தலையில் இருந்த சுமை இன்று தூய்மைப் பணியாளரின் தலைக்கு மாறியுள்ளது. நம் வீட்டுக் குழந்தையின் துணியை நாமே துவைப்பதுதான் இச்சுமையை இறக்கி வைக்கும் வழி.

பொருட்செலவு

டயபர் ஒன்றின் விலை 10 ரூபாய் என வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 50 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் 36,500 ரூபாய்.

துணிக்கு வருவோம். வெள்ளை மல் துணியிலோ தேங்காய்ப்பூத் துண்டிலோ 30 அணையாடைகள், ஒன்றுக்கு 40 ரூபாய் வீதம் 1,200 ரூபாய். ஈரம் கசியாத மேலுறை 4, ஒன்று 300 ரூபாய் வீதம் 1,200 ரூபாய். சவர்க்காரமும் சலவை சோடாவும் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு 1,800 ரூபாய். ஆக மொத்தம் 4,200 ரூபாய். இரவில் மட்டும் ஒரு டயபர் கட்டுவதாகக் கொண்டால் மேலும் 7,300 ரூபாய். இரண்டும் சேர்ந்தாலும் 11,500 ரூபாய்தான். மிச்சம் 25,000 ரூபாய்! குப்பையும் 3,650 டயபரிலிருந்து 730 ஆகக் குறைகிறது.

வீட்டிலுள்ள பழைய வேட்டியையும் பருத்திப் புடவையையும் கிழித்துக்கொண்டால் துணிச் செலவும் இல்லை. பலமுறை துவைத்த பழந்துணி புதுத் துணியினும் மென்மையானது, நன்கு உறிஞ்சும். இரண்டாவது குழந்தைக்கும் அதே துணிகள் உதவும்.

மீஞ்சூரும் தண்ணீரும்

இங்கே ஓர் எதிர்க்கேள்வி எழுவது இயல்பு. "டயபரை விட்டுத் துணி கட்டச் சொல்கிறீர்களே, துவைக்கத் தண்ணீர் எங்கே?" மீஞ்சூரில் இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் ஆரணியாறு, கொசஸ்தலை ஆறு படுகையில் நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. அதன் பயனாகத் தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தொகுதிகள் அமைந்தன. மீஞ்சூர்ப் பகுதி நீர் மணலித் தொழிற்சாலைகளுக்குச் சென்றது. உழவும் நீரை இறைத்தது. நிலத்தடி நீர்மட்டம் தாழவே கடல் நீர் உள்ளே புகுந்து பல கிலோமீட்டர் தூரத்துக்குக் கிணறுகளை உவராக்கியது. பின்னர் 2010ஆம் ஆண்டில், கடல் நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் நிலையம் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. அந்நீர் சென்னை மாநகருக்கென்றே அமைந்தது.

இத்தகைய ஊரில் ஒவ்வொரு குடமும் எண்ணிச் செலவிடத் தக்கது. கையால் துவைத்தால் ஒரு குழந்தையின் ஒரு நாள் துணிக்கு 3 குடம், அதாவது ஏறத்தாழ 45 லிட்டர் போதும். முதல் அலசலுக்கு, வீட்டார் துணியைக் கடைசியாக அலசிய நீரையே பயன்படுத்தலாம். அணையாடையின் கடைசி அலசல் நீரைக் கழிப்பறைக்கு ஊற்றலாம். இப்படிச் செய்தால் புதிதாகச் செலவாவது 2 குடமே.

கரிப்பும் கடினத்தன்மையும் உள்ள நீரில் மற்றொரு தொல்லை உண்டு. அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சவர்க்காரத்துடன் சேர்ந்து, நுரை தராத வெண்படிவாக மாறித் துணியில் ஒட்டிக்கொள்கின்றன. துணி விறைத்துப் போகும், ஈரத்தை உறிஞ்சாது, குழந்தையின் தோலையும் உறுத்தும். "துணி கட்டினால் புண் வருகிறது" என்னும் குறைக்கு இப்படிவும் ஒரு காரணமாகும். துவைக்கும் நீரில் ஒரு தேக்கரண்டி சலவை சோடா கலந்தால் அவ்வுப்புகள் பிரிந்து நுரை வரும். கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் செய்தல் வேண்டும்.

வெயிலின் சிறப்பு

துணியே எப்போதும் சிறந்தது என்று அறிவியல் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஒரு குழந்தையின் இரண்டரை ஆண்டுகளைக் கணக்கிட்டது. டயபரால் உண்டாகும் கரிவளி ஏறத்தாழ 550 கிலோ. அந்நாட்டு வழக்கப்படி துவைத்த துணியால் 570 கிலோ. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! காரணம், மின்சாரத்தால் நீரைச் சூடாக்கி, மின்சாரத்தாலேயே துணியை உலர்த்துவதுதான். இயந்திரம் நிரம்பத் துணியிட்டு, வெளியே கொடியில் உலர்த்தி, அதே துணியை இரண்டாம் குழந்தைக்கும் கட்டினால் கரிவளி 40 விழுக்காடு குறையும் என்றும் அவ்வாய்வு கண்டது.

அந்நாட்டார் முயன்று பெறவேண்டிய வெயிலை இயற்கை நமக்கு வாரி வழங்கியிருக்கிறது. வெயில் துணியை உலர்த்துவதோடு கறையை வெளுக்கவும், கிருமிகளைக் குறைக்கவும் செய்கிறது. மின் கட்டணமும் இல்லை.

துவைக்கும் முறை

துணியைப் பயன்படுத்த விரும்பும் பெற்றோர் பின்வரும் முறைகளைக் கைக்கொள்வது நலம்.

1. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, அங்கேயே ஒரு குவளை நீரால் துணியைக் கழுவுக. தெருக் கால்வாயில் கழுவலாகாது.

2. நனைந்த துணிகளை மூடியுள்ள வாளியில் நீரின்றிச் சேர்த்து வைத்து, அன்றன்றே துவைக்க. நீர் நிரப்பிய வாளியைத் திறந்து வைப்பது தவழும் குழந்தைக்கு உயிராபத்து.

3. முதலில் குளிர்ந்த நீரில் அலசுக. முதலிலேயே வெந்நீர் ஊற்றினால் கறை படிந்துவிடும். அதன்பின் வெந்நீரில் சவர்க்காரமும் சோடாவும் இட்டுத் துவைக்க.

4. நுரை முற்றும் போகும்வரை அலசுக. மணமூட்டும் நீர்மங்களைத் தவிர்க்க. அவை துணியின் உறிஞ்சும் ஆற்றலைக் குறைக்கும்.

5. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் துணியைக் கொதிநீரில் இட்டு எடுக்க.

6. நல்ல வெயிலில் உலர்த்துக. அனல் மின் நிலையங்களின் சாம்பலும் நிலக்கரித் தூசும் பறக்கும் அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கங்களில் காற்று வீசும் திசையை நோக்கி இடத்தைத் தேர்ந்து, காய்ந்த உடனே எடுத்து உதறி மடித்து வைக்க.

7. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி எளிதில் காயாது. அப்போது ஆறு துணிகள் கூடுதலாக வைத்துக்கொள்க. வீட்டினுள் மின்விசிறியின் கீழ் உலர்த்தி, இஸ்திரி போட்டு ஈரத்தைப் போக்குக.

8. இறுதியில் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

குழந்தை சற்று வளர்ந்தபின், பாட்டிமார் செய்வதுபோல் காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களின் மேல் குழந்தையை இருத்திப் பழக்கினால் துணியின் தேவை மெல்ல மெல்லக் குறையும்.

யார் துவைப்பது?

இதுவரை கூறியவை அனைத்தும் எளியவை. இனிக் கூறுவதே கடினமானது. விடியற்காலையில் கும்மிடிப்பூண்டி இரயிலைப் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குச் செல்லும் தாய்மார்களும், மணலியிலும் எண்ணூரிலும் ஒப்பந்தப் பணி செய்யும் தாய்மார்களும் நம்மிடையே பலர். அவர்கள் டயபரை நாடுவது சோம்பலினால் அன்று. கை ஓய்ந்து போவதனால். அவர்களிடம் சென்று "துணி துவையுங்கள்" என்று அறிவுரை கூறுவது நியாயமாகாது. தூய்மைப் பணியாளரின் சுமையை இறக்கிப் பிள்ளை பெற்றவளின் தலையில் வைப்பது சீர்திருத்தம் ஆகாது.

பெற்றோர் என்ற சொல்லில் தந்தையும் அடக்கம். முப்பது நிமிடங்களில் முடியும் இவ்வேலையைத் தந்தை செய்தால் அவர் மானம் குறைந்துவிடாது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் அக்காளுக்குத் தம்பி செய்யலாம். காது குத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வருவது நம் வழக்கம். மருமகனின் அணையாடையை மாமன் ஒரு மாதம் துவைத்துக் கொடுப்பானாயின் அதனினும் சிறந்த சீர் எது?

வெளியூர்ப் பயணத்துக்கும், மருத்துவமனைக் காத்திருப்புக்கும், இரவுக்கும் டயபர் கட்டுவதைக் குற்றம் எனக் கொள்ளவேண்டியதில்லை. அவ்வாறு கட்டினால் மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, டயபரைச் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு மையால் ஓர் அடையாளமிட்டுத் தூய்மைப் பணியாளரிடம் தனியே கொடுக்கவேண்டும்.

முடிவுரை

தமிழக அரசு 2015ஆம் ஆண்டில் அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு கண்ட தாய்மார்களுக்கு வழங்கத் தொடங்கிய 16 பொருள்கள் கொண்ட பெட்டகத்தில் குழந்தைக்கான நாப்கினும் இடம்பெற்றது. 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகம் தடை விதித்தது; 2021ஆம் ஆண்டில் மஞ்சப்பைக்கு மீண்டும் அழைப்பு விடுத்தது. அத்தடைப் பட்டியலில் டயபர் இல்லை. தடையால் திருந்துவதைவிட உணர்வால் திருந்துவதே நிலைக்கும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் முன்னோர் பழமொழி. கசக்கும் கை எவருடையது என்பதை அப்பழமொழி நம் பொறுப்பில் விட்டிருக்கிறது. பகலில் துணி, இரவில் வேண்டுமானால் டயபர், துவைப்பதில் வீட்டார் அனைவருக்கும் பங்கு என்ற மூன்றையும் கடைப்பிடித்தால் நம் பணமும், நம் ஊர் நீர்நிலையும், தூய்மைப் பணியாளரின் மாண்பும் காக்கப்படும். மீஞ்சூர் வீடுகளின் கொடிக்கயிறுகளில் வெள்ளைத் துணிகள் மீண்டும் அசையட்டும். அவற்றை உலர்த்தும் கைகளில் ஆடவர் கைகளும் இருக்கட்டும்!